ஆறு மணிக்கு வருவான்

அத்தியாயம் பதினொன்று

அண்ணியைப் போன வாரம் வாசலிலேயே நிற்க வைத்துவிட்டுப் போய்விட்டேன் என்று எத்தனை பேருக்குக் கோபம்! "வெயில்ல நிக்கிறாளே, ஒரு வாய் தண்ணி கொடுத்தா குறைஞ்சா போயிடும்?" என்று ஒரு வாசகி கேட்டே விட்டார். நியாயம்தான். முதலில் அவளை உள்ளே கூப்பிடுவோம்.

"வாசல்ல நின்னு தெருவுக்கு வேடிக்கை காட்டாதே. வர்றதுன்னா வா" என்றாள் அம்மா.

மருமகளிடம் அம்மா பேசும் தோரணை மூன்று வருடமாக இதுதான். வார்த்தை வெடுக்கென்று வரும். கை அதற்குள் அவளுக்கு டீ ஊற்றிக்கொண்டிருக்கும்.

அண்ணி சமையலறையில் வந்து உட்கார்ந்தாள். கையில் ஒரு பை. இந்த வீட்டில் அவளுடையது என்று மிச்சமிருந்த நாலைந்து புடவைகளை எடுத்துப்போக வந்திருக்கிறாள். அம்மா எதிரில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். அடுப்பருகே மகள் பாப்பா நின்றிருந்தாள். வீட்டுக்குத்தான் அவள் பாப்பா. முன் அறையில் சாயங்காலம் நடக்கும் ஆங்கில வகுப்புக்கு வருகிறவர்களுக்கு அவள் டீச்சர்.

"நாளைக்குக் காலையில ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கல்யாணம், அத்தை."

"தெரியும். கண்ணாடிக் கடைக்காரர்தானே? நல்ல மனுஷன். என் பழைய கண்ணாடிக்கே புது ஃப்ரேம் போட்டுக் கொடுத்தார்" என்றாள் அம்மா, நிமிர்ந்து பார்க்காமல்.

"நீங்க போன்னு சொல்லணும்."

"நான் எப்போ உன்னைப் பிடிச்சு வெச்சேன்?"

"நீங்க பிடிக்கலை. முன் ரூம்ல தொங்குதே, அது பிடிச்சு வெச்சிருக்கு." அண்ணி முன் அறைப் பக்கம் கை காட்டினாள். "அந்தப் பலகையை உங்க கையால இறக்கிடுங்க அத்தை. அவர் வருவார் வருவார்னு இங்கே இத்தனை பேர் கூடி நின்னு சொல்லிட்டிருக்கும்போது, நான் எப்படிப் போய் இன்னொருத்தர் பக்கத்துல உட்காருவேன்? நீங்க இறக்கலைன்னா நாளைக்கு நான் போகலை. அவர்கிட்ட வேண்டாம்னு சொல்லிடறேன். சத்தியமா சொல்றேன்."

அம்மாவின் கை நின்றது. ஒரு பட்டாணி உருண்டு போய் அடுப்புக்கு அடியில் ஒளிந்துகொண்டது. யாரும் அதை எடுக்கவில்லை.

பலகையைப் பற்றிப் புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காக ஒரு வார்த்தை.

பாப்பாவின் அப்பாவை ஊரே 'சார்' என்றுதான் கூப்பிடும். பெண்டாட்டியும் அப்படித்தான் கூப்பிட்டாள். காவல்காரர், பேக்கரிக்காரர், நர்ஸ் என்று வேலை முடித்துவிட்டு வருகிறவர்களுக்கு முன் அறையில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார். அவருக்கு இரட்டை வார்த்தைகள் என்றால் உயிர். அதிலும் 'பிக் அப்' என்றால் கேட்கவே வேண்டாம்.

"கீழே விழுந்ததை எடுக்கிறதும் பிக் அப்தான். போனை எடுக்கிறதும் அதுதான். ஆளைப் போய்க் கூட்டிட்டு வர்றதும் அதுதான். சளி பிடிச்சாலும் அதுதான், கேட்டுக் கேட்டுக் கத்துக்கிட்டாலும் அதுதான், வியாபாரம் சூடு பிடிச்சாலும் அதுதான். வேலைக்காரன் ஒருத்தன், வேலை பத்து. சம்பளம் கேக்க மாட்டான்!" என்று தானே சொல்லித் தானே சிரிப்பார்.

அவர் வகுப்புக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. சொல்கிற வாக்கியம் உண்மையாக இருக்க வேண்டும். பொய் வாக்கியம் நாக்கில் நிற்காதாம். அதனால் ஒவ்வொரு அர்த்தத்துக்கும் ஒரு வாக்கியத்தைத் தன் வீட்டிலிருந்தே எடுத்துக் கொடுப்பார். வீட்டில் யாருக்குச் சளி, யார் போனை எடுக்கவில்லை என்பதெல்லாம் வகுப்பு முழுவதற்கும் மனப்பாடம். அப்படி வந்ததுதான் இந்த வாக்கியம்: "மை பிரதர் வில் பிக் மீ அப் அட் சிக்ஸ்." ஆறு மணிக்கு என் அண்ணன் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போவான். பாப்பா பள்ளிக்கூடம் போன காலத்திலும் உண்மை, ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்த்த காலத்திலும் உண்மை. அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். எந்த மாடியில் எது நின்று போயிருந்தாலும் ஆறு மணிக்கு ஸ்கூட்டரோடு வந்து நிற்பான்.

முன் அறையில் எல்லோரும் அதைக் கோரஸாகச் சொல்லும்போது, சமையலறையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே அவன் எதிர்ப்பாட்டுப் பாடுவான்: "ஐ வில் பிக் ஹர் அப், இஃப் ஷீ கோம்ஸ் ஹர் ஹேர்." தலை வாரினால்தான் கூட்டிக்கொண்டு வருவேன். பாப்பாவின் தலை அந்த லட்சணத்தில் இருக்கும். சார் காதில் விழுந்தால் தொலைந்தான் என்பதால் ரகசியமாகத்தான் சொல்வான். அம்மாவும் பாப்பாவும், பிறகு வந்த அண்ணியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு இரண்டு அறைக்கும் நடுவில் தொங்கிய திரைக்கு அந்தப் பக்கம் போனதே இல்லை.

ஒரே ஒரு நாள் அவன் வரவில்லை. அடைமழை. பாப்பா நனைந்துகொண்டே நடந்து வந்து, தும்மிக்கொண்டே படியேறினாள். வகுப்பு நடந்துகொண்டிருந்தது. சார் மகளைப் பார்த்தார், கரும்பலகையைப் பார்த்தார், வாக்கியத்தைத் திருத்தினார். "மை பிரதர் டிட் நாட் பிக் மீ அப்." அண்ணன் வரவில்லை. உண்மை உண்மைதானே! மூன்று தடவை எல்லோரையும் கோரஸாகச் சொல்ல வைத்தார்.

மூன்றாவது தடவை சொல்லும்போது அண்ணன் வாசலில் நின்றிருந்தான், சொட்டச் சொட்ட, கையெல்லாம் கிரீஸ். பழுதான லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட ஒரு கர்ப்பிணியை வெளியே எடுத்துவிட்டு வந்திருந்தான். அதை அவன் சொல்லவே இல்லை. மறுநாள் பேப்பரைப் பார்த்துத்தான் வீட்டுக்குத் தெரிந்தது. அதற்குள் அவன் வீட்டை விட்டுப் போய்விட்டான். அவனுடைய கருவிப் பை ஆற்றுப் பாலத்தின் மேல் கிடந்தது. ஆற்றில் நாள் கணக்கில் தேடினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை.

சார் அதற்கப்புறம் ஒரு வருடம் தாங்கவில்லை. போவதற்கு முன்னால் ஒரு பலகையை வாங்கி வந்து, பழைய வாக்கியத்தையே பெயின்டால் எழுதி, கரும்பலகைக்கு மேலே திருகாணி போட்டு முறுக்கினார். "உண்மை இல்லையே சார்?" என்று அம்மாதான் கேட்டாள். "வில்னு போட்டிருக்கேன் பார். வரப்போறதைச் சொல்ற வாக்கியம் பொய்யாகாது. ஆறு மணி வரைக்கும் டைம் இருக்கு" என்றார். தினமும் ஒரு ஆறு மணி வந்துகொண்டிருக்கிறது, போய்க்கொண்டிருக்கிறது. அம்மா தினமும் அந்தப் பலகையைத் துடைக்கிறாள்.

இதைத்தான் இறக்கச் சொல்கிறாள் அண்ணி.

அம்மா பட்டாணிக் கிண்ணத்தை நகர்த்திவிட்டு எழுந்து போய்ப் படுத்துக்கொண்டாள். அண்ணி புடவைகளை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். பாப்பாவுக்கு இரண்டு பேரிடமும் கோபம் வந்தது. இரண்டு பேரையும் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. ஒன்றும் செய்யாமல் வகுப்புக்கு நாற்காலிகளைப் போட்டாள்.

ஐந்து மணிக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள். பாப்பா வேண்டுமென்றே வேறு வார்த்தையை எழுதப் போனாள். சாக்பீஸ் கரும்பலகையில் பட்டதுதான் தாமதம், திரைக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"இன்னைக்கு பிக் அப் முறை."

"அம்மா, அதை அப்புறம்..."

"முறைன்னா முறை."

பாப்பா அழித்துவிட்டு 'பிக் அப்' என்று எழுதினாள். வழக்கம்போல ஒவ்வொருவரும் எழுந்து சொந்தமாக ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். நர்ஸ், வார்டிலிருந்து தனக்கு இருமல் தொற்றிக்கொண்டதைச் சொன்னாள். பேக்கரிக்காரர், மழை வந்தால் தன் வியாபாரம் 'பிக் அப்' ஆகிவிடும் என்றார். காவல்காரர் எழுந்து, தான் தூங்கிக்கொண்டிருந்தபோது போனை எடுத்ததாகச் சொன்னார்.

"தூங்கிட்டே எப்படிங்க போன் எடுத்தீங்க?"

"உண்மையைத்தானே சொல்லச் சொன்னீங்க டீச்சர்?"

எல்லோரும் சிரித்தார்கள். பாப்பாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள், யாரும் சொல்லாமலே, அத்தனை பேர் கண்ணும் மேலே பலகைக்குப் போயின. பழக்கம். அடுத்தது அதுதான்.

"மை பிரதர் வில் பிக் மீ அப் அட் சிக்ஸ்."

இருபது குரலும் ஒரு குரலாக எழுந்தன. நாற்காலிகளின் அடியில் தரை அதிர்ந்தது. சுவரில் ஆணியில் மாட்டியிருந்த அண்ணனின் ஹெல்மெட், தூசு படியாத ஹெல்மெட், அதுவும் கேட்டுக்கொண்டிருப்பது போல இருந்தது. பாப்பாவின் கழுத்து தானாக வாசல் பக்கம் திரும்பியது. மூன்று வருடமாக அப்படித்தான் திரும்புகிறது. வாசலில் ஒருவரும் இல்லை என்பது தெரிந்தும் திரும்புகிறது.

திரைக்குப் பின்னால் அண்ணி விசும்பியது கேட்டது.

திரை விலகியது. அம்மா வந்து நின்றாள், கையில் ஒரு திருப்புளியோடு. பாலத்தின் மேல் கிடைத்த பையிலிருந்து எடுத்தது. வகுப்பு நடக்கும்போது அம்மா முன் அறைக்கு வந்து யாரும் பார்த்ததில்லை. காவல்காரர் எழுந்தே நின்றுவிட்டார்.

"அந்த நாற்காலியைப் போடு பாப்பா."

"அம்மா, யோசிச்சுத்தான்..."

"மத்தியானம் பூரா படுத்துத் தூங்கினேன்னு நெனச்சியா? போடு."

அம்மா நாற்காலியில் ஏறினாள். காவல்காரர் ஒரு பக்கம், பேக்கரிக்காரர் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். சார் முறுக்கிய ஆணி லேசில் வருமா? அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு திருகினாள். யாரையும் தொட விடவில்லை. கடைசி ஆணி கழன்றதும் பலகை அவள் மார்பில் சாய்ந்தது. கைக்குழந்தையை வாங்குவது போல வாங்கிக்கொண்டு இறங்கினாள். சுவரில் பலகை இருந்த இடம் மட்டும் பழைய பச்சை நிறத்தில் தெரிந்தது.

அண்ணி ஓடி வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

"அழாதே. பெத்த பொண்ணை அனுப்பற மாதிரிதான் அனுப்பறேன். போய் நல்லா இரு. அவன் போயிட்டான்மா. போயிட்டான்னு நானே சொல்லிட்டேன். போதுமா?"

வகுப்பிலிருந்த நர்ஸ் மூக்கை உறிஞ்சினாள். பேக்கரிக்காரர் ஜன்னலைப் பார்ப்பது போல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மாவும் அண்ணியும் உள்ளே போனார்கள். திரை விழுந்தது.

பாப்பாவுக்கு நெஞ்சு லேசானது, இத்தனை நாள் தூக்கிக்கொண்டிருந்ததை இறக்கி வைத்த மாதிரி. கூடவே அழுகையும் முட்டியது. வகுப்பை முடித்துவிட்டால் தேவலை. ஆனால் பின் வரிசையில் ஒருவர் இன்னும் வாக்கியம் சொல்லவில்லை. போன வாரம்தான் புதிதாகச் சேர்ந்தவர். ஆஸ்பத்திரிகளுக்கு ஆக்ஸிஜன் சிலிண்டர் கொண்டுபோகிற வேன்காரர். கூச்ச சுபாவம். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும்.

"நீங்க ஒண்ணு சொல்லிடுங்க. முடிச்சுடலாம்."

அவர் எழுந்தார். சுவரில் பலகை இருந்த இடத்தைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, நிதானமாக, ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னார்.

"ஐ வில் பிக் ஹர் அப், இஃப் ஷீ கோம்ஸ் ஹர் ஹேர்."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அவர்களுக்கு அது ஒரு தமாஷ் வாக்கியம், அவ்வளவுதான்.

பாப்பாவின் கையிலிருந்து சாக்பீஸ் விழுந்து உடைந்தது. அவள் முதலில் பார்த்தது திரையைத்தான். அது அசையவில்லை. உள்ளே பாத்திரச் சத்தம் கேட்டது. கேட்டிருக்காது. கடவுளே, கேட்டிருக்கக் கூடாது.

"இன்னைக்கு இவ்வளவுதான். எல்லாரும் கிளம்புங்க. நீங்க மட்டும் கொஞ்சம் இருங்க" என்றாள் வேன்காரரிடம்.

செருப்புச் சத்தங்கள் தெருவில் கரைந்த பிறகு வாசற்படியில் நின்று கேட்டாள்.

"அதை யார் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தா?"

"தப்பா டீச்சர்? உண்மை வாக்கியமா இல்லையேன்னு எனக்கே சந்தேகமாத்தான் இருந்துச்சு..."

"யாருங்க?"

"ஒருத்தர் வழியில கை காட்டினார். ஏத்திக்கிட்டேன். ஒல்லியா, தாடி வெச்சிருந்தார். இங்கிலீஷ் கத்துக்கணும்னு பேச்சுவாக்குல சொன்னேன். ஒரு இடம் இருக்கு, பொய் சொல்ல விடமாட்டாங்க, நல்லாக் கத்துக்கலாம்னு சொன்னார். அவரே வழி காட்டிக் கூட்டிட்டு வந்தார். இந்த வாக்கியத்தை ரெண்டு மூணு தடவை தனக்குத்தானே சொல்லிக்கிட்டார். எனக்கு அப்படியே ஒட்டிக்கிச்சு."

"இங்கே வந்தாரா? இந்தத் தெருவுக்கா?"

"அதோ, அந்த மரம் வரைக்கும். இறங்கச் சொன்னேன், இறங்கலை. ஜன்னல்ல நீங்க எழுதிட்டு இருந்தது தெரிஞ்சுது. ரொம்ப நேரம் பார்த்துட்டே இருந்தார். அப்புறம் சிரிச்சுட்டு என்னமோ சொன்னார்."

"என்ன சொன்னார்?"

"'தலை வாரியிருக்கா'ன்னு சொன்னார் டீச்சர்."

பாப்பா கதவைப் பிடித்துக்கொண்டாள். போன வாரம். அந்த மரத்தடியில். அவள் இதே ஜன்னலுக்கு நேராக முதுகைக் காட்டிக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தாள். திரும்பியிருந்தால்? தினமும் வாசல் பக்கம் திரும்பும் பாழாய்ப்போன கழுத்து, அன்றைக்கு ஜன்னல் பக்கம் ஒரு தடவை திரும்பியிருந்தால்?

"அப்புறம் அவரை எங்கே..." என்று ஆரம்பித்தாள்.

"பாப்பா!"

அண்ணி பையோடு வெளியே வந்தாள். முகம் கழுவியிருந்தாள். அழுது சிவந்த கண்ணில் மூன்று வருடமாகக் காணாத ஒரு தெளிவு இருந்தது. தெருமுனையில் கண்ணாடிக் கடைக்காரர் காத்திருந்தார். வீட்டுக்குள் வந்தால் அத்தைக்கு மனசு கஷ்டப்படும் என்று அங்கேயே நிற்கிற மனிதர். வேன்காரர் ஒதுங்கி, தன் வண்டியைப் பார்க்க நடந்தார்.

"நான் கிளம்பட்டுமா? இனிமே திரும்பிப் பார்க்க மாட்டேன். பார்த்தா போக முடியாது."

பாப்பா பைக்கு வெளியே தெரிந்த புடவை நுனியை உள்ளே தள்ளினாள்.

"எல்லாரும் சிரிச்சீங்களே, அந்தப் புது ஆள் என்ன வாக்கியம் சொன்னார்? முகம் கழுவிட்டிருந்தேன், பாத்திரச் சத்தத்துல சரியாக் காதுல விழலை."

இந்த முன் அறையில் பாப்பா ஒரு பொய் வாக்கியம் கூடச் சொன்னதில்லை. சாரின் மகள் அவள். சொன்னால் நாக்கில் நிற்காது என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவள். சொல்லிவிட்டால் என்ன? உயிரோடு இருக்கிறான். இந்தத் தெருவுக்கு வந்தான். வந்தும் தங்கையைத்தான் பார்த்தான், பெண்டாட்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வந்தும் இறங்கவில்லை. அதைக் கேட்டால் அண்ணி பையை வைத்துவிட்டு இந்த வாசலிலேயே உட்கார்ந்துவிடுவாள், இன்னும் எத்தனை ஆறு மணிகளுக்கோ.

"ஒண்ணுமில்லை அண்ணி. அவர் தப்பாச் சொன்னார். திருத்தினேன்."

அண்ணி அவள் கன்னத்தைத் தொட்டாள். படியிறங்கினாள். சொன்னபடியே திரும்பிப் பார்க்கவில்லை. தெருமுனையில் அந்த மனிதர் பையை வாங்கிக்கொள்வது தெரிந்தது. இருவரும் திருப்பத்தில் மறைந்தார்கள்.

உள்ளே கடிகாரம் ஆறு அடித்தது.

பாப்பா திரும்பினாள். அம்மா திரையருகே நின்றிருந்தாள். கையில் டீ டம்ளர். மூன்று வருடமாக ஆறு மணிக்குப் போட்டு, ஆறிப்போய், சாக்கடையில் கொட்டுகிற அந்த ஒரு டம்ளர். இன்றைக்கும் போட்டிருந்தாள்.

"இஃப் ஷீ கோம்ஸ்னு சொன்னார், இல்லை?" என்று கேட்டாள் அம்மா.

பாப்பாவின் கண்ணீர் பொலபொலவென்று உதிர்ந்தது. "உனக்குக் கேட்டுச்சாம்மா?"

"கேட்டுச்சு, ஆரம்பிச்சதுமே. அதனாலதான் பாத்திரத்தை உருட்டினேன். அவ காதுல விழக் கூடாதேன்னு." அம்மாவின் உதடு கோணியது. டம்ளர் சாய்ந்து, டீ விரலில் வழிந்தது. அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. "நீ சரியாத்தான் சொன்னே. அவ போகட்டும். இனிமே காத்திருக்கிறது நம்ம ரெண்டு பேரோட நிக்கட்டும்."

வெளியே மரத்தடியில் வேனின் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. இன்ஜின் ஒரு தடவை இருமியது.

அம்மா டம்ளரை மேஜையில் வைத்தாள்.

"வாசல்ல நீங்க பேசினதும் கேட்டுச்சு. ஏத்தினது சரி. அவனை எங்கே இறக்கிவிட்டார்னு கேட்டியா?"

பாப்பா கேட்கவில்லை. செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள்.